சிப்பர் எரிந்ததற்கு வெயிலைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம். சவுக்கையும் தைலமரத்தையும் தோட்டத்திலேயே சில்லாக அரைக்கும் பெரிய டீசல் சிப்பர் ஒன்று எங்கள் பக்கம் சித்திரையில் எரிந்தபோது எல்லோரும் வெயிலைத்தான் திட்டினார்கள். ஆனால் அது ஓடும்போது எரியவில்லை, ஆட்கள் சாப்பாட்டுக்கு நிறுத்திக் கால்மணி நேரம் கழித்துத்தான் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) பக்கத்திலிருந்து புகை வந்தது. காரணம் எளிது. சுமையோடு ஓடும் எஞ்சினில் டர்போவும் சைலன்சர் குழாயும் 500 டிகிரி வரை கொதிக்கும், மேலே படியும் மரத்தூள் கனல 300 டிகிரியே போதும், எஞ்சினை அணைத்ததும் சூட்டைத் தணிக்கும் ஃபேன் காற்றும் நின்றுவிடுகிறது. அப்புறம் தீப்பிடிக்க வேறு காரணங்களாக எண்ணெய் கசியும் ஹைட்ராலிக் ஹோஸ், உரசித் தோல் உரிந்த ஒயர், கிரீஸ் வற்றிய பேரிங், மழுங்கிய பிளேடு எல்லாம் இருக்கவே இருக்கிறது. காலையில் தூளைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் மட்டும் போதாது, மதியமும் ஊத வேண்டும், நிறுத்தியபின் அரைமணி நேரம் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அரைக்கும் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் யார் நிற்பார்கள், சொல்லுங்கள்! அன்று தீயணைப்பான் இருந்தது, சரி, ஆனால் எரிகிற எஞ்சினுக்கு மேலேயே மாட்டியிருந்தார்கள்.

— ஒரு வாசகர், விருத்தாசலம்