கொசு இல்லாத ஊரில் ஒரு கொசு

கோத்தகிரி
வெள்ளி ராத்திரி

அடி வாத்து,

ஒன்றரை வருஷமாகக் கடிதம் போடாதவள் நான். திட்டு. ஆனால் நீயும் ஒன்றும் எழுதிக் கிழித்துவிடவில்லை. உன் மாமனாரின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன். இங்கே அம்மா சௌக்கியம். என் முட்டிதான் சௌக்கியமில்லை. அப்புறம் விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொள்.

கார் ஷெட் ஆட்டத்தை மறுபடி போடப்போகிறேன். ஆமாம், அதையேதான். நடனக் கலைஞர் சந்திரலேகாவின் 'சரீரா' ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த பித்தில், பெசன்ட் நகர் கடற்கரையிலேயே உட்கார்ந்து, நாமும் சந்திரலேகா மாதிரி மெதுவாக ஏதாவது செய்தே தீருவது என்று மூன்று பேரும் சத்தியம் செய்தோமே, அது. நெட்டையன் அன்றைக்குத் தின்ற சுண்டலுக்கு இன்னும் காசு தரவில்லை.

இடம், இங்கே மூடிக்கிடக்கும் ஒரு தேயிலை ஃபேக்டரியின் மேல்மாடி. பறித்துவந்த பச்சை இலையைப் பரப்பி வாட்டுகிற மாடி. பலகைத் தரை, இருபதடிக்கு ஒரு இரும்புத் தூண், இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல். மூன்று மணிக்கு மேல் மஞ்சு, அதாவது மூடுபனி, உள்ளேயே வந்துவிடும். பார்த்த அன்றே மயங்கிவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் மயக்கம் தெளிந்தது.

நம் ஷெட் நீளம் இருபதடி. ஆட்டத்தில் வரும் அந்த மெதுநடையை ஒன்பது நிமிஷத்தில் நடந்தோம். இந்த மாடி நூறடி. அதே வேகத்தில் நடந்தால் நாற்பத்தைந்து நிமிஷம், ஜனம் எழுந்து வர்க்கி தின்னப் போய்விடும். ஒன்பது நிமிஷத்தில் முடிக்க வேண்டுமென்றால் ஐந்து மடங்கு வேகம், அது பஸ்ஸைப் பிடிக்கிற நடை. தரை வேறு தகராறு. ஷெட்டில் மே மாத வியர்வை சொட்டிச் சொட்டிக் காவித் தரையே வழுக்கும், அதில்தான் நாம் சறுக்கினோம். இங்கே கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். பிள்ளைகள் கம்பளி சாக்ஸோடு ஒத்திகை பார்க்கிறார்கள். சாக்ஸைக் கழற்றினால் சிராய் ஏறுகிறது.

வாட்ச்மேன் தாத்தா முதல் நாள் இருபது நிமிஷம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஆட்டம் எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்றார். மறுநாள் அவரே, "இலை வாடுற மாதிரி இருக்கு. ராத்திரி பூரா பக்கத்துலயே நின்னாலும் வாடுறது கண்ணுக்குத் தெரியாது" என்றார். நான் புல்லரித்துப்போனேன். மூன்றாம் நாள் தூங்கிவிட்டார். கடைசியில் இரண்டு தூண்களுக்கு நடுவே இருபதடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். மிச்ச எண்பதடி சும்மா கிடக்கும், மஞ்சு வந்தால் வரட்டும்.

இப்போது நீ சிரிக்கப்போகிறாய். உன் பாகத்தை ஆடுகிற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. நம் பழைய வீடியோவைப் பார்த்துத்தான் படித்திருக்கிறாள். முதல் ஒத்திகையில் நாலாவது நிமிஷம் சடாரென்று குனிந்து இடது கெண்டைக்காலில் ஒரு அடி வைத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டால், நீ கொசு அடிக்கிறாய்! அதைத்தான் அவ்வளவு பக்தியோடு செய்கிறாள். இந்தக் குளிரில் கொசுவுக்கு எங்கே போவது?

அமெரிக்க நடனக்காரி ட்ரிஷா பிரவுன் 1971இல் நியூயார்க்கில் மொட்டைமாடிக்கு மாடி ஆட்களை நிறுத்தி ஒன்று செய்தாளே, டீச்சர் சொல்லுவார். முதல் ஆள் ஆடுவதைப் பார்த்து அடுத்த மாடிக்காரர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். போகப்போக அசைவு தேய்ந்து வேறாகிவிடும். அது தெரிந்தேதான் செய்தாள். 2011இல் வேறு இடத்தில் மறுபடி போட்டார்கள். அப்படியானால் உன் கொசுவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அதே பெண் நேற்று, "மேடம், இந்த இடத்துல நான் ஏன் சிரிக்கிறேன்?" என்று கேட்டாள்.

வாத்து, அந்த வீடியோவைத் திரும்பப் பார். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு உன் தம்பி டீ குடிக்கப் போய்விட்டான். ஷெட்டின் இடது மூலை படத்திலேயே இல்லை. நெட்டையன் அந்த மூலைக்குப் போய் ஆறு நிமிஷம் கழித்துத்தான் திரும்புகிறான். நான் அந்த ஆறு நிமிஷமும் குப்புறக் கிடக்கிறேன். நீ அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாய், நடுவில் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாய். அவன் அங்கே என்ன செய்தான்?

அவனிடம் நான் கேட்டதே இல்லை. எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன். அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. செய்தி வந்த அன்று நாம் போனில் அரை மணி நேரம் இட்லி மாவு புளிக்காததைப் பற்றிப் பேசினோம், ஞாபகமிருக்கிறதா? அவன் பாகத்துக்கு ஒரு பையன் கிடைத்திருக்கிறான். நல்ல பையன், குள்ளம். அந்த ஆறு நிமிஷம் வரும்போது தூணுக்குப் பின்னால் போய்ச் சும்மா நிற்கச் சொல்லியிருக்கிறேன். சும்மா நிற்கிறவனைப் பார்த்து அந்தப் பெண் சிரிக்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

எழுதி அனுப்பாதே, உன் கையெழுத்து லட்சணம் எனக்குத் தெரியும். நேரில் வந்து செய்து காட்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் இருக்கிறது. மலை ரயில் ஆசையில் குன்னூர் சுற்றிக்கொண்டு வராதே, அந்த வண்டி நம் நடையைவிட மெதுவு. ஸ்வெட்டர் இரண்டு எடுத்துக்கொள். சாயங்காலம் தோட்டத்தில் காட்டெருமை நிற்கும், இருட்டுவதற்குள் வந்துவிடு.

உன்,
தவளை

பி.கு.: கொசு இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா? கடி வாங்கியவள் நீ, நீயே சொல்.