தரங்கம்பாடிக்கு விற்கும்போது தெரியாத கடல், பழுது பார்க்கும்போது மட்டும் தெரிகிறதா?

அனுப்புநர்: மீன் வியாபாரி, தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டம்.

பெறுநர்: தலைமை அதிகாரி, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பத்தே மாதத்தில் பழுதான ஃப்ரீசரை மாற்றித் தரவும், இழப்பீடு வழங்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கட்டணமில்லாத் தொலைபேசியில் இதுவரை ஐந்து புகார் எண்கள் வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றும் பதினோரு இலக்கம். சமையலறைக் காலண்டரின் ஓரம் முழுக்க என் மகள் அவற்றை எழுதி வைத்திருக்கிறாள். பால் கணக்கு எழுத இடமில்லை. எண்ணுக்குக் குறைவில்லை, பெட்டிதான் ஓடவில்லை. ஆகவே இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

2024 ஜூன் மாதம் மயிலாடுதுறையில் உங்கள் முகவரிடம் 27,500 ரூபாய் கொடுத்து ஃப்ரீசரை வாங்கினேன். என் மனைவியின் மகளிர் குழுக் கடன் அது. தவணை இன்னும் முடியவில்லை. பெட்டியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்து, மோட்டாரும் ஓயாமல் ஓடி, உள்ளே மட்டும் குளிரவில்லை என்றால் என்ன கோளாறு என்று செய்தவர்களுக்குத் தெரியும். 2025 ஏப்ரல் 19 காலையில் அதுதான் நடந்தது.

தேதியைக் கவனிக்க வேண்டுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பெரிய மீனுக்கு விலை ஏறுகிற அந்த இரண்டு மாதத்தை நம்பித்தான் வஞ்சிரமும் இறாலுமாக நாற்பது கிலோவுக்கு மேல் முன்கூட்டியே வாங்கி நிறைத்தோம். மூடியைத் தூக்கினால் பனிக்கட்டி இருந்த இடத்தில் செந்நிறத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இறாலின் தலையெல்லாம் கறுத்திருந்தன. தென்னை மரத்தடியில் குழி வெட்டிக் கொட்டினோம். அந்த வாரம் முழுவதும் ஊர் நாய்கள் எங்கள் கொல்லையை விட்டு நகரவில்லை.

ஆறாம் நாள் உங்கள் பழுதுபார்ப்பவர் வந்தார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். “காயிலில் உப்பு அரித்திருக்கிறது, கேஸ் போய்விட்டது” என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருடைய வண்டி தெருமுனை திரும்புவதற்குள் என் கைப்பேசியில் செய்தி: “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?”

தீர்க்கப்பட்டதா? எது தீர்ந்தது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மறுநாள் தொலைபேசியில் பேசிய அந்த ஊழியரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. உப்புக் காற்றால் வரும் அரிப்பு வாரண்டியில் அடங்காது என்றார். கடலோர ஊரில் உப்புக் காற்று இல்லாமல் வேறென்ன காற்று வீசும் என்று கேட்டேன். “அப்படியானால் கடலோரத்தில் ஏன் குடியிருக்கிறீர்கள்?” என்றார். சொல்லிவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமலே பக்கத்தில் இருந்தவரிடம் “மீன்காரர்” என்று சொல்லிச் சிரித்தார். அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று நீங்களே அறிவிக்கிறீர்கள் அல்லவா? ஏப்ரல் 26, காலை பதினொன்றே கால். எடுத்துக் கேளுங்கள்.

மாசிலாமணிநாதர் கோயிலையே தின்று தீர்த்துக்கொண்டிருக்கும் கடல் இது. 2004 டிசம்பரில் வீட்டுக்குள் வந்ததும் இதே கடல்தான். இதன் குணத்தை எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. முகவரி எழுதிப் பணம் வாங்கியது நீங்கள். உங்கள் வண்டியில் ஏற்றி வந்து என் வீட்டுத் திண்ணையில் இறக்கியதும் நீங்கள். அங்கிருந்து பார்த்தால் அலை தெரியும். பொறையாறு பேருந்து நிலையத்தில் “கடலோர மக்களுக்குச் சிறப்புத் தள்ளுபடி” என்று உங்கள் பெயரில் ஒரு பேனர் தொங்கியதே, அப்போது உப்பு எங்கே போயிருந்தது? வாரண்டிப் புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதை அந்தப் பேனரிலும் ஒரு வரி போட்டிருக்கலாம்.

மயிலாடுதுறை சேவை மையத்துக்கு அலைந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் ஊருக்கு ரயில் 1986-லேயே நின்றுபோனது. பஸ்தான் கதி, திருக்கடையூர், ஆக்கூர், செம்பனார்கோயில் வழியாகப் போய்த் திரும்பினால் அரைநாள் வியாபாரம் போய்விடும். முதல் தடவை, கைப்பேசியில் இருந்த ரசீதின் படம் செல்லாது, அசல் வேண்டும் என்றார்கள். இரண்டாம் தடவை அசலைக் கொண்டுபோனேன். பாலித்தீன் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தும், உங்கள் முகவர் இயந்திரத்தில் அடித்துக் கொடுத்த அந்தத் தாளில் எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. “இதில் ஒன்றுமே இல்லையே” என்றார் மேசையில் இருந்தவர். அவருடைய கணினித் திரையில் என் பெயர், ஊர், வாங்கிய தேதி எல்லாம் இருந்தன. நான் என் கண்ணால் படித்தேன். எட்டிப் பார்த்தேன் என்று திரையைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் தெருவில் என் பேச்சை நம்பி மூன்று வீட்டார் உங்கள் பெட்டியை வாங்கினார்கள். இப்போது அவர்கள் தினமும் தம் பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள். நான் மீன் விற்பதும் அதே வாய்ச்சொல்லை வைத்துத்தான்.

என் இழப்பு ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாது. மீனின் விலை மட்டும் என்றால் முப்பத்தெட்டாயிரம்தான் என்கிறாள் என் மனைவி. அவள் பஸ் கட்டணத்தையும், கைவிட்டுப்போன இரண்டு ஓட்டல் வாடிக்கையையும், நான் தூங்காத இரவுகளையும் சேர்க்கவில்லை. கணக்கில் அவள் எப்போதும் கறார்.

தயவுகூர்ந்து பெட்டியை மாற்றித் தாருங்கள்; இல்லையேல் 27,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். மீனுக்கான இழப்பீட்டைப் பேசித் தீர்த்துக்கொள்ள நான் தயார். சண்டை போடும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்குவேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. நீங்கள்தான் மயிலாடுதுறைக்கு அலைய வேண்டியிருக்கும்.

அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கச் சொல்லவில்லை. அவர் என்னை அழைத்து ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்க வேண்டும். “மீன்காரர்” என்றே கூப்பிடட்டும், தவறில்லை, சிரிக்கக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வெளுத்துப்போன அசல் ரசீதின் நகல், வாரண்டி அட்டையின் நகல், காலண்டர் தாளின் நகல்.

பி.கு.: யாரையாவது அனுப்புவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு மேல் அனுப்பவும். அதற்கு முன் நான் ஏலத்தில் இருப்பேன். பெட்டி கொல்லையில் மூடி திறந்தபடி இருக்கிறது. வாடை இன்னும் போகவில்லை.