நிலைக்கு மேலே பிரபவ வருஷம்

காரைக்குடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சொக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டாம், நடந்தாலே போதும் என்று சொல்லிவிட்டார்கள் என எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது. பதில் போடப் பதினைந்து நாளாகிவிட்டது. கண்டனூர்ப் பெரிய வீட்டில் ஓடு மாற்றி, முகப்பைப் பூசுகிற வேலை நடக்கிறது. பங்காளிகள் பதினோரு குடும்பப் புள்ளியும் பணம் போட்டிருக்கிறோம், மேற்பார்வை என் பொறுப்பு. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறேன்.

ஆனால் தாமதத்துக்கு வேலை மட்டும் காரணமில்லை. உன் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: “2020-க்கு அப்புறம் நான் டாக்டர் ஹூ பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஐம்பத்தாறு வருஷக் கணக்கை ஒரே ராத்திரியில் கெடுத்துவிட்டார்கள்.” கண்டனூர் போகும் பஸ்ஸில் தினமும் அந்த வரியைத்தான் நினைத்துக்கொண்டு போகிறேன். டாக்டர் என்கிற காலப்பயணி சாகும் நேரத்தில் உடம்பு மாறிப் புது ஆளாவாரே, அந்த பிபிசி தொடரின் கேசட்டை உன் அப்பச்சி பினாங்கிலிருந்து கொண்டுவர, தேவகோட்டையில் உங்கள் வீட்டுப் பட்டாலையில் பாய் விரித்து, ஒரே கதையை நாலு தரம் பார்த்தவர்கள் நாம். நீயே விட்டுவிட்டேன் என்றால் நான் யாரிடம் போய் இதைப் பேசுவேன்?

முதலில் போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய வீட்டு முகப்பு நிலைக்கு மேலே சுதையில் கஜலட்சுமி இருக்கிறாளே, அவள் காலடியில் ஏதோ எழுத்து உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். வருஷா வருஷம் வெள்ளை அடித்து அது மழுங்கிப் போயிருந்தது. கொத்தனார் பழைய சுண்ணாம்பைக் கரண்டி முனையால் மெதுவாகச் சுரண்டி, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். ‘பிரபவ வருஷம் தை மாதம்’ என்று வந்தது. ‘பி’ எழுத்தின் கொக்கி வரை தெளிவு. அந்தக் கொக்கிக்குள் கொஞ்சம் நீலம்கூட ஒட்டியிருந்தது, அந்தக் காலத்தில் எழுத்துக்கு வர்ணம் தீட்டியிருக்கிறார்கள்.

அங்கே ஆரம்பித்தது பேச்சு. பிரபவ அறுபது வருஷத்துக்கு ஒரு தரம் திரும்பி வரும். அப்படியானால் வீடு கட்டியது 1868 தையா, 1928 தையா? மூத்த பங்காளி அண்ணன் 1868 என்கிறார். ஆத்தங்குடிக் கல்லும் ஆங்கில எழுத்து போட்ட இரும்பு உத்திரமும் அப்போது எங்கே வந்தது என்று இளையவர் கேட்கிறார். அவை இரண்டாங்கட்டில் பிறகு சேர்த்தவை, உள்முற்ற வளவைப் பார்த்துப் பேசு என்று பெரியவர். ஒன்றரை மணி நேரம் நடந்தது. கொத்தனார் சாரத்தில் குந்தியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் நான் கவனித்தேன், சொக்கு. ஒருவர்கூட அந்த எழுத்தை எடுத்துவிட்டு, தனக்குச் சரியென்று படுகிற இங்கிலீஷ் வருஷத்தைப் போட்டுவிடலாம் என்று சொல்லவில்லை.

எனக்கு உடனே டாக்டர் ஹூவில் யூனிட் என்ற ராணுவப் படைக்குத் தலைமை தாங்கும் நம் பிரிகேடியரும் அவருடைய வருஷக் குழப்பமும்தான் ஞாபகத்துக்கு வந்தன. நாம் முதலில் பார்த்த கேசட் ‘பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்’, 1975-ல் எடுத்த கதை. கதை நடப்பது 1911-ல். நடுவில் டாக்டரோடு பயணம் வரும் சாரா ஜேன் சொல்வாள்: நான் 1980-லிருந்து வந்தவள், உலகம் அப்போதும் இருக்கிறது, அதனால் நாம் கிளம்பிவிடலாமே. டாக்டர் வாதம் பண்ண மாட்டார். டார்டிஸ் என்ற தன் காலப்பயணப் பெட்டியை 1980-க்குக் கொண்டுபோய்க் கதவைத் திறப்பார். வெளியே வெறும் காற்றும் புழுதியும், பூமி செத்துக் கிடக்கும். நடந்தது நடந்ததுதான் என்று நினைக்காதே, இன்றைக்கு நீ செய்யாமல் விட்டால் நாளை இல்லை என்று அந்தக் கதவு சொல்லும். அந்த இடத்தில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். எனக்கு அது இன்னும் மறக்கவில்லை.

அந்த 1980-தான் பிறகு வம்பானது. யூனிட் கதைகளில் பிரிட்டன் செவ்வாய்க்கு ஆள் அனுப்பும், அதனால் அவை கொஞ்சம் எதிர்காலத்தில் நடப்பதாகத்தான் எழுதினார்கள். 1983-ல் ‘மாட்ரின் அன்டெட்’ வந்தது. அதில் பிரிகேடியர் 1976-லேயே ஓய்வு பெற்று, 1977-ல் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிறார். 1980-ல் இருந்து வந்த சாராவுக்கு அதிகாரியாகத் தெரிந்தவர், 1977-ல் எப்படி வாத்தியார்? இந்தக் கேள்வியை வைத்து ரசிகர்கள் நாற்பது வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். காரணம் சின்னதுதான். அந்தக் கதை முதலில் இயானுக்காக எழுதியது, 1963-ல் டாக்டரோடு கிளம்பிய அதே பள்ளி ஆசிரியர். நடிகர் வர முடியாமல் போகவே பிரிகேடியரை உள்ளே கொண்டுவந்தார்கள், வாத்தியார் வேலை அப்படியே நின்றுவிட்டது. 1977 என்று வைத்தது ராணியின் வெள்ளிவிழாக் கொண்டாட்டத்தைக் காட்டி வருஷத்தை உணர்த்துவதற்கு.

இப்போது நீ சொல். எதைத் திருத்துவாய்? சாராவின் 1980-ஐ 1975 ஆக்கினால் பழைய படத்தின் மேல் கை வைத்தவனாகிறாய். பிரிகேடியரின் 1977-ஐ மாற்றினால் வெள்ளிவிழாக் கொடிகள் எதற்கு? 2013-ல் ஐம்பதாவது ஆண்டு நிறைவுப் படத்தில், பிரிகேடியரின் மகள் அந்தப் பழைய கோப்புகளைப் பற்றிச் சொல்லும்போது எழுபதுகளோ எண்பதுகளோ, தேதி போடும் முறையைப் பொறுத்தது என்கிறாள். அது போதும் எனக்கு. இரண்டு எழுத்தும் நிலைக்கு மேல் இருக்கட்டும்.

எங்கள் அப்பச்சி பேரேடு எழுதும்போது பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்வார்கள், உனக்கும் தெரியும்: தப்பாக எழுதிவிட்டால் சுரண்டாதே, அடிக்காதே. இன்றைய தேதியில் அதற்கு எதிர்வரவு எழுது. நேற்று எழுதியது நேற்றாகவே இருக்க வேண்டும். நான் இத்தனை வருஷமாக அந்தத் தொடரைப் பார்த்ததில் எனக்கு உறுதியான விதி அது ஒன்றுதான். சேர்க்கலாம், விளக்கம் சொல்லலாம், போட்ட வரம்பைப் பெருந்தொகை கொடுத்து மீட்கலாம். அழிக்கக் கூடாது.

பன்னிரண்டு கணக்கை எடுத்துக்கொள். 1976-ல் ராபர்ட் ஹோம்ஸ் ‘தி டெட்லி அசாசின்’ எழுதினார். டாக்டரின் எதிரி மாஸ்டர் உடம்பெல்லாம் அழுகி ஏன் சாகக் கிடக்கிறான் என்று காட்ட வேண்டும், அதற்காக டாக்டரின் இனமான டைம் லார்டுகளில் ஒருவர் பன்னிரண்டு தடவைதான் உடம்பு மாற முடியும் என்று வைத்தார். அப்போது நாலாவது டாக்டர்தான் நடந்துகொண்டிருந்தது. 2013 கிறிஸ்துமஸ் கதையில் அந்தக் கடன் வந்து வாசலில் நின்றது. பதினொன்றாவது என்று நாம் எண்ணியவர், போர்க்காலத்து டாக்டரையும், 2008-ல் முகம் மாறாமல் செலவான ஒன்றையும் சேர்த்தால், கடைசி உடம்பு. அதை மறந்துபோனதாக விட்டிருக்கலாம், யார் கேட்டிருப்பார்கள்? விடவில்லை. அவரைக் கிழவனாக்கி, சாவு வரை கொண்டுபோய், சுவர் விரிசல் வழியே, கூடப் பயணம் வந்த கிளாரா டைம் லார்டுகளிடம் மன்றாடி, புதிதாக ஒரு சுற்று வாங்கினாள். முப்பத்தேழு வருஷத்துக்கு முன் வேறொருவர் போட்ட கையெழுத்துக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது.

ஸ்டார் டிரெக்கில் இந்தக் குழப்பமே கிடையாது என்று எழுதியிருக்கிறாய். அங்கேயும் உண்டப்பா. கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்தாரின் நெற்றி 1979-ல் திடீரென்று மேடும் பள்ளமும் ஆனது, 2005-ல்தான் காரணம் சொன்னார்கள். சரி, அதை விடு.

இனி உன் கோபத்துக்கு வருகிறேன். 2020-ல் ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ சொன்னது, தொடரில் முதலில் நடித்த ஹார்ட்னெல் முதல் டாக்டர் இல்லை, அதற்கு முன்னும் பல பிறவி உண்டு என்று. நீ சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஒரு சாதாரண ஆள், ஊர்க் கட்டுப்பாடு பிடிக்காமல் பழைய பெட்டி ஒன்றைத் திருடிக்கொண்டு ஓடினார் என்பதில் ஒரு அழகு இருந்தது. நாமும் ஓடலாம் என்று தோன்ற வைத்த அழகு. பிறப்பிலேயே அபூர்வமானவர் என்று சொன்னதும் அது கொஞ்சம் குறைந்துதான் போனது.

ஆனால் கணக்கைக் கெடுத்தார்கள் என்பதை ஏற்க மாட்டேன். 1976 ஜனவரியில் ‘தி பிரெய்ன் ஆஃப் மோர்பியஸ்’ கதையில் டாக்டரும் மோர்பியஸ் என்ற வில்லனும் மனத்தால் மோதுவார்களே, டாக்டரின் பழைய முகங்கள் ஒவ்வொன்றாக வந்து, ஹார்ட்னெலுக்குப் பிறகும் எட்டு முகம் வரும். தயாரிப்புக் குழுவில் இருந்தவர்களே வேஷம் போட்டு நின்ற முகங்கள். அவை மோர்பியஸின் முகங்கள் என்று நாம்தான் சமாதானம் செய்துகொண்டோம். பற்று எழுதியிருந்தது, வரவு எழுதாமல் கிடந்தது. கோயம்புத்தூரிலிருந்து விடுமுறைக்கு வந்த பேத்தி பழைய கதையைப் பார்த்துவிட்டு, “அந்த எட்டுப் பேர் யாரு ஐயா?” என்று நேராகக் கேட்டாள். அவளுக்கு என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. உனக்கு மட்டும் எழுதுகிறேன். அந்த 2020 கதையில் டாக்டர் எங்கேயோ கிடைத்த குழந்தை. இன்னொருத்தி எடுத்து வளர்க்கிறாள். நான் ஒன்பது வயதில் கண்டனூருக்குச் சுவீகாரமாகப் பிள்ளை கூட்டிக்கொண்டு வரப்பட்டவன். புது வீட்டில் ஐயா பேரை எனக்கு இட்டார்கள். முத்து என்று கூப்பிட, தேவகோட்டை ஆட்களில் நீயும் உன் ஆத்தாளும்தான் மிச்சம். ஆனால் என்னை யாரும் பழையதை மறக்கச் சொல்லவில்லை. அப்பச்சியின் கணக்குச் சிட்டையில் அந்தத் தேதியில், இன்னார் வீட்டிலிருந்து பிள்ளை கூட்டிய வகையில் செலவு என்று, பெற்ற அப்பச்சியின் விலாசத்தோடு எழுதியிருக்கிறது. டாக்டருக்கு அந்தச் சிட்டையையே கிழித்துவிட்டார்கள், சொக்கு. முந்தின பிறவிகள் அத்தனையும் அவர் நினைவிலிருந்து துடைத்தார்கள். அந்தக் கதை எதைப் பெரிய பாவம் என்று காட்டுகிறது? துடைத்ததைத்தான். அதைப் பார்த்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நிஜமாகவே அழித்தவர்கள் வேறு. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிபிசி தன் டேப்புகளைத் துடைத்து மறுபடி பயன்படுத்தியது. ஹார்ட்னெல், அவருக்கு அடுத்து நடித்த டிரௌட்டன் காலத்துப் பாகங்கள் எத்தனையோ அப்படிப் போயின. ஆனால் காணாமல் போனவற்றுக்கெல்லாம் ஒலி மட்டும் இருக்கிறது. அன்றைக்கு வீட்டில் டிவிக்கு முன் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தவர்கள் காப்பாற்றியது. 2013-ல் நைஜீரியாவில் ஒரு நிலையத்து அலமாரியிலிருந்து ஒன்பது பாகங்கள் திரும்பக் கிடைத்தன. கோபம் என்றால் எனக்கு அங்கேதான் வருகிறது.

நீ மறுபடி பார். 2020-லிருந்து வேண்டாம், மோர்பியஸிலிருந்து தொடங்கு, அந்த எட்டு முகத்தை இந்தக் கண்ணோடு பார்த்துவிட்டு அப்புறம் மேலே போ. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் எழுது, சண்டை போடலாம்.

செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை வருவதாகச் சொன்னாயே, உறுதிதானே? இரண்டு நாள் முன்னதாகவே வா, கண்டனூரில் தங்கலாம். முகப்பு வேலை அதற்குள் முடிந்துவிடும். அந்த எழுத்தின் மேல் மட்டும் வெள்ளை அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பங்காளிகள் எல்லாருக்கும் சம்மதம். உன் அப்பச்சி கையால் லேபிள் எழுதிய கேசட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பிளேயரில்தான் பெல்ட் அறுந்துவிட்டது, காரைக்குடியில் கிடைக்கவில்லை. பினாங்கில் பழைய ரேடியோ கடை எதிலாவது இருக்குமா என்று விசாரித்து, கிடைத்தால் இரண்டாக வாங்கி வா.

ஆத்தாளைக் கேட்டதாகச் சொல்.

உன்,
முத்து