அச்சுவேலியா, கட்டுநாயக்கவா?

கொழும்பு 6

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கண்டியில் வேலை சரிவந்தது பெரிய சந்தோஷம்.

தையல் ஆலையை யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் போடுவதா, கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கவில் போடுவதா என்று கேட்டிருந்தாய். காணி வாடகையை மட்டும் வைத்து முடிவெடுக்காதே. கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் 1978இல் தொடங்கியது. உதிரிப்பாகம் பக்கத்திலேயே கிடைப்பதால், அங்கே ஆலைகளுக்குக் கிடைக்கிற பெரிய இலாபம் நேரம்.

ஒரு லைனில் 20 பேர், நாளுக்கு 480 நிமிடம் என்று வை. மொத்தம் 9,600 நிமிடம். ஒரு உடுப்புக்கு 12 நிமிடம் என்றால் முழுத் திறனில் 800 உடுப்பு, பாதித் திறனில் 400. கொலர் தைக்கிற மெஷினில் நூலைப் பிடிக்கிற ஹூக் தேய்ந்தால் நூல் பிடிபடாமல் தையல் விட்டுவிட்டு விழும். அந்த மெஷினுக்கு முன்னால் வெட்டுத்துணி கட்டுக்கட்டாகக் குவியும், பின்னால் இருப்பவர்களுக்கு வேலை வராது. அரை மணியில் ஹூக் கிடைத்தால் போவது 25 உடுப்பு. கொழும்பிலிருந்து மறுநாள் பஸ்ஸில் வந்தால் அன்றைய 400உம் போகும். அச்சுவேலி என்றால் ஹூக், நீடில் பிளேட் (ஊசித் தகடு), ஃபீட் டோக் (துணியை நகர்த்தும் பல்), வகைக்கொரு மேலதிக மெஷின் எல்லாம் கையிருப்பில் வேண்டும். அதில் முடங்கும் பணத்தையும் கணக்கில் சேர்.

அமெரிக்காவில் பெரிய ஆலை வந்து சேர்ந்த மாவட்டங்களை ஆராய்ந்தார்கள். 5 ஆண்டுகளில், அங்கே முன்பே இருந்த ஆலைகளின் உற்பத்தித்திறன், அந்தப் பெரிய ஆலைக்குப் போட்டியிட்டுக் கிடைக்காமற்போன மாவட்டங்களின் ஆலைகளை விடச் சுமார் 12 வீதம் கூடியிருந்தது. கூலிச் செலவும் ஏறியது. ஆனால் ஆலைகள் நெருங்கிய இடத்தில் நலிந்தவை மூடிப்போவதாலும் சராசரி உயர்ந்து தெரியும். ஆகவே ஒரே ஆலையின் முன்னும் பின்னும் பார்ப்பதே சரி. உற்பத்தித்திறனைக் கணக்கிட விற்பனையை அப்படியே ஆட்களால் வகுக்காதே. துணிச் செலவைக் கழித்துவிட்டு வகு.

சம்பளம் தானாக ஏறாது. பக்கத்து ஆலை கூடக் கொடுக்க வேண்டும், வேலை செய்கிற பிள்ளைகளும் தடையில்லாமல் அங்கே மாற முடிய வேண்டும். முதலாளிமார் ஒருவர் ஆளை ஒருவர் எடுப்பதில்லை என்று பேசிவைத்தால், எத்தனை ஆலை இருந்தும் பயனில்லை. ஒரு நாள் வராவிட்டால் முழுதாய் வெட்டுப்படும் வரவுப்படி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. காய்ச்சலோடும் வேலைக்கு வரவைக்கும். அந்தக் காசை அடிப்படைச் சம்பளத்தில் சேர். ஊழியர் சேமலாப நிதிக்கு உன் பங்கு 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் அதற்கேற்பக் கூடும், அதையும் கணக்கில் எடு.

கட்டுநாயக்கவில் தூர ஊர்ப் பிள்ளைகளின் சம்பளத்தில் ஒரு பங்கு போர்டிங் வாடகைக்கே போகிறது. அச்சுவேலியில் வீட்டிலிருந்தே வரலாம். வாடகை போக மிஞ்சுவதை வைத்து இரண்டு இடத்தையும் ஒப்பிடு. மெக்கானிக்கின் பழுதுப் பதிவேட்டில் மூன்று மாதப் பிரதி அனுப்பு. மெஷின் நின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
சிவா