பின்னால் வரும் டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் 22 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கட்டுமான வேலைகளுக்கு பிக்கப் ஓட்டி வருகிறேன். ஜெனரேட்டர், ஏர் கம்ப்ரசர், இரவு வேலைக்கான விளக்குக் கம்பம் என்று எதையாவது டிரெய்லரில் இழுத்துக்கொண்டு சைட்டுக்கு சைட் போய் வருவதுதான் என் பிழைப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளும் அவர்களை அனுப்பும் முதலாளிகளும் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாள் காலை. ஒன்றரை டன் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு ஆயர் ராஜா விரைவுச்சாலையிலிருந்து பயனியர் ரோடு நார்த் பக்கம் இறங்கி வந்தேன். சிவப்பு விழுந்தது. பிரேக்கை மிதித்தேன். பிக்கப் வேகம் குறைந்தது, ஆனால் பின்னாலிருந்து டிரெய்லர் நெட்டித் தள்ளியது. வண்டியின் பின்பக்கம் இடப்புறமாக வழுக்கிக்கொண்டு போனது. நிறுத்தக் கோட்டைத் தாண்டி, ஆட்கள் கடக்கும் இடத்தில் போய்த்தான் நின்றேன். பச்சை மனிதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மழைக்காகக் குடையை விரித்துக்கொண்டிருந்ததால் இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இன்னும் சாலையில் இறங்கவில்லை. அந்தக் குடையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். டிரெய்லரில் பிரேக் இருந்தது, டிரம் இருந்தது, ஹேண்ட் பிரேக்கும் இருந்தது. முன்பக்கத்திலிருந்து சக்கரத்துக்குப் போகும் பிரேக் கம்பியை மட்டும் யாரோ கழற்றி, கட்டுக்கம்பியால் ஓரமாகக் கட்டி வைத்திருந்தார்கள்.

ஏன் கழற்றினார்கள் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இது தள்ளுவிசையில் வேலை செய்யும் பிரேக். இழுக்கும் வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னோக்கி முட்டும். அந்த முட்டலில், டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கப்ளிங்கின் தண்டு உள்ளே போய், கம்பியை இழுத்து, டிரெய்லரின் சக்கரங்களில் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். மின்சாரமோ தனி மிதியோ தேவையில்லை. ஆனால் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதும் அதே தண்டு உள்ளே போகும், பிரேக் பிடித்துக்கொள்ளும். புதிய டிரெய்லர்களில் ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக் தானாக விடுபட வழி செய்திருக்கிறார்கள். பழையவற்றில் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி, தண்டு உள்ளே போகாமல் தடுக்க ஒரு பின்னைப் போட வேண்டும். சைட்டில் இடம் குறுகல், அவசரம். கம்பியையே கழற்றிவிட்டால் தொல்லை இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அடுத்த நாள் அதே டிரெய்லரை விரைவுச்சாலையில் இழுத்துப் போகிறவருக்கு அது தெரிவதில்லை.

ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற பிக்கப்களின் கையேடுகளில், நம் ஊருக்கு வருவதுபோல் வலப்பக்க ஸ்டீரிங் உள்ள ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளுக்கானவற்றில், இழுக்கும் எடைக்கு இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் பல மாடல்களில் 3,500 கிலோ, பிரேக் இல்லாதது என்றால் 750 கிலோ. ஒரே எஞ்சின், ஒரே சேசிஸ்தான். எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்பதை மட்டும் வைத்து அந்த எண்களைப் போடவில்லை, எவ்வளவை நிறுத்த முடியும் என்பதையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். நம் ஆட்களோ “டீசல் வண்டி, எதையும் இழுக்கும்” என்று பெரிய எண்ணையே சொல்வார்கள். கம்பி கழன்ற டிரெய்லருக்குச் சின்ன எண்தான் பொருந்தும். அன்று என் பின்னால் இருந்தது அதைப்போல் இரண்டு மடங்கு.

ஊரில் டிராக்டர் ஓட்டிப் பழகிவிட்டு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நெல் மூட்டையும் கரும்பும் ஏற்றி, பிரேக் இல்லாத டிரெய்லரை இழுத்திருப்பீர்கள். டிராக்டரே கனமானது, போகும் வேகமும் குறைவு. இங்கே அப்படியில்லை. வேகம் 40 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனாலே பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்காகிவிடும், 80 ஆனால் நான்கு மடங்கு. அதோடு சாலை ஈரமாகவும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

பாரத்தை வைக்கும் இடமும் முக்கியம். இடம் வசதியாக இருக்கிறது என்று டிரெய்லரின் பின்கோடியில் ஏற்றினால் முன்தண்டு மேலே தூக்கப் பார்க்கும், ஓடும்போது டிரெய்லர் பாம்பு போல நெளிய ஆரம்பிக்கும். கனமான பொருள் அச்சுக்குச் சற்று முன்னால் வரவேண்டும். அப்படி ஏற்றியும் நெளிய ஆரம்பித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், முடுக்கி நேராக்கவும் பார்க்காதீர்கள். ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். மின்சார பிரேக் உள்ள டிரெய்லராக இருந்தால் ஓட்டுநர் இருக்கைப் பக்கத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். அதில் உள்ள கைப்பிடியால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடிக்கலாம். அப்படிப் பிடித்தால் டிரெய்லர் பின்னோக்கி இழுத்து நேராகிவிடும்.

அப்புறம், டிரெய்லரின் ஹேண்ட் பிரேக்கிலிருந்து இழுக்கும் வண்டிக்குப் போகும் அந்த மெல்லிய பாதுகாப்பு வடம். டிரெய்லர் கழன்று போனால் வடம் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அறுந்துவிடும், டிரெய்லர் தனியாக நின்றுவிடும். பலர் அதை, டிரெய்லரை மாட்டும் கொக்கியின் உருண்டையில் சும்மா சுற்றி விடுகிறார்கள். டிரெய்லர் குதித்துக் கழலும்போது அதுவும் சேர்ந்து உருவிக்கொண்டு வந்துவிடும், பிரேக் பிடிக்காது. வண்டியில் அசையாத ஓர் இடத்தில் மாட்ட வேண்டும். சங்கிலி இருந்தால் இரண்டையும் தண்டுக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். தண்டு கழன்றாலும் சங்கிலியில் தங்கும், தார்ச்சாலையில் குத்தாது.

நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிக்கப்பை ஒழுங்காக சர்வீஸுக்கு அனுப்புகிறீர்கள். டிரெய்லர் மட்டும் சைட்டின் மூலையில் மழையிலும் வெயிலிலும் கிடக்கிறது. டிரம் துருப்பிடிக்கிறது, டயரில் காற்று இறங்குகிறது. பாரத்தோடு சேர்த்து மொத்தம் எத்தனை கிலோ என்று டிரெய்லரின் முன்தண்டிலேயே பெயிண்டில் எழுதி வையுங்கள். கிரேன் ஓட்டுநர் எடை கேட்கும்போது பதில் சொல்கிற போர்மேன், பிக்கப் ஓட்டுநர் கேட்டால் மட்டும் “பக்கத்தில்தானே, கிளம்பு” என்று சொல்லலாமா? பிரேக் சரியில்லை என்று வண்டியை எடுக்க மறுக்கும் ஓட்டுநரின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். வேலை அனுமதியில் வந்த பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லவே பயமாக இருக்கும். கடன் வாங்கி வந்தவனுக்கு அந்தப் பயம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

இப்போது நான் தினமும் காலையில் புறப்படும் முன் டிரெய்லரின் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பிக்கப்பை மெல்ல முன்னால் நகர்த்திப் பார்க்கிறேன். டிரெய்லர் பிடித்து நின்றால் சக்கரங்களில் பிரேக் இருக்கிறது. தாராளமாக உருண்டு வந்தால் எஞ்சினை அணைத்துவிடுவேன். ஹேண்ட் பிரேக் பிடித்தாலும் விட்டுவிடாமல், குனிந்து கப்ளிங்கிலிருந்து சக்கரம் வரை கம்பியை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகிறது. போன மாதம் என்னோடு வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர், “அண்ணே, இதை யாருமே எங்களுக்குச் சொல்லித் தரவில்லையே” என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜூரோங் வெஸ்ட் வாசகர்