லூயி வியர்ன் அவர்களுக்கு, உங்கள் ஆர்கனைப் பற்றிச் சில செய்திகள்

மதிப்புக்குரிய வியர்ன் ஐயா,

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில், குழல்களில் காற்றூதி ஒலிக்கும் பெரிய ஆர்கனை வாசித்த இசையமைப்பாளர் நீங்கள். உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1937 ஜூன் 2ஆம் தேதியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அன்று அங்கே உங்கள் 1,750ஆவது கச்சேரி. அருகில் உங்கள் மாணவர் மோரிஸ் துரூஃப்லே. உங்கள் படைப்பொன்றை வாசித்து முடித்து, அடுத்ததற்கு ஆயத்தமான நேரத்தில் இருக்கையிலேயே சரிந்து உயிர் நீத்தீர்கள். கால் பட்டுத் தாழ்ந்த ஸ்வரம் ஒன்று ஆலயமெங்கும் ஒலித்தது என்று இன்றும் சொல்கிறார்கள். உருக்கமான கதைதான். ஆனால் ஒரு பங்குக் கோயிலின் பாடற்குழுவில் பாடுகிற எனக்கு அந்த ஒரு மாலையைவிட, அதற்கு முந்தைய 37 ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகளே பெரிதாகத் தெரிகின்றன. அவற்றைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

திருப்பலியில் ஆர்கன் வாசிப்பவரின் வேலை கச்சேரிக்காரரின் வேலை அல்ல. பவனி எவ்வளவு நேரம் நீளும் என்று முன்கூட்டித் தெரியாது. குரு தூபம் காட்டி முடிக்கத் தாமதமானால் இசையும் நீள வேண்டும். அவர் முடித்துவிட்டால் இசையும் முடிய வேண்டும், அதுவும் பாதியில் அறுந்தது தெரியாமல். முடிகிற இடமோ, பாடற்குழு அடுத்துத் தொடங்கவிருக்கும் ஸ்வரத்தில் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இத்தனையையும் அந்தந்த நொடியில் கற்பனையாக வாசித்தாக வேண்டும். பார்வை ஏறக்குறைய இல்லாமல் பிறந்தவர் நீங்கள். பலிபீடமோ ஆலயத்தின் மறுகோடியில். செவியை மட்டும் நம்பி, 1900 முதல் வாரந்தோறும் இதைச் செய்திருக்கிறீர்கள்.

இதில் பாரிஸில் நெடுநாளாக ஒரு வழக்கம் உண்டு. மாலைச் செபத்தில் பாடற்குழு கிரகோரியன் பாடலின், அதாவது திருச்சபையின் பழைய இலத்தீன் ஒற்றை மெட்டுப் பாடலின், ஒரு வரியைப் பாடும். அடுத்த வரியைப் பாடாமல் ஆர்கனுக்கு விட்டுவிடும். அந்த மெட்டை எடுத்து ஆர்கன் தன் பாணியில் பதில் சொல்லும். பிறகு மீண்டும் குரல்கள். எனக்கு ஆர்கன் இசை பிடிபட்டதே இதைக் கேட்ட பிறகுதான். குழல்களின் பேரொலியை நினைத்து மலைத்துக்கொண்டிருந்தவன், அது ஒரு பாடலுக்குச் சொல்லப்படும் பதில் என்று புரிந்ததும் வேறு மாதிரி கேட்கத் தொடங்கினேன்.

அந்த ஆலயத்தில் குரல்கள்தாம் மூத்தவை. கட்டடம் இன்னும் எழும்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1198இல், பாரிஸ் ஆயர் ஓடோ தெ சுல்லி பெருவிழா வழிபாட்டில் நான்கு குரல்களில் பாட அனுமதி அளித்தார். அந்தக் காலத்துப் பாரிஸ் இசையமைப்பாளர் பெரோத்தேன் அமைத்த பாடல்களில் ஒரு குரல் பழைய மெட்டின் ஒரே ஸ்வரத்தைத் தம்பூராச் சுருதி போல நெடுநேரம் பிடித்திருக்க, மற்ற மூன்று குரல்களும் அதன்மேல் ஒன்றையொன்று துரத்தி ஓடுகின்றன. காலால் மிதிக்கும் உங்கள் பெடல் கட்டைகளில் நீண்டு ஒலிக்கும் அடிநாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெரோத்தேனின் நினைவு வரும்.

உங்கள் ‘மெஸ் சொலனெல்’ திருப்பலி இசையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆறு ஆர்கன் சிம்பொனிகளுக்காகவே உலகம் உங்களைக் கொண்டாடுகிறது. என் கட்சி வேறு. நான் இந்தத் திருப்பலியின் பக்கம். ஆர்கெஸ்ட்ராவுக்காக நினைத்திருந்ததை, உங்கள் ஆசிரியர் விடோர் சொன்னதைக் கேட்டு இரண்டு ஆர்கன்களுக்காக அமைத்தீர்கள்: மேற்கு மாடத்தில் பெரியது, பாடற்குழுவுக்கு அருகில் சிறியது. சிறியது குரல்களோடு கூடவே நடக்கிறது. பெரியது தொலைவிலிருந்து இடியாக இறங்குகிறது. கீரியே என்னும் பாடலின் தொடக்கத்தில் அந்தக் கனத்த ஸ்வரக்கோவைகள் விழும்போது, ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்பது முணுமுணுப்பதற்கான வேண்டுதல் அல்ல என்று உடம்புக்கே தெரிகிறது. 1901இல் சேன்-சுல்பீஸ் ஆலயத்தில் முதன்முதலாக அது பாடப்பட்டபோது பெரிய ஆர்கனில் விடோரை அமரவைத்து, நீங்கள் சிறிய ஆர்கனில் அமர்ந்தீர்கள்.

இதைப் பாடுவது எளிதல்ல. நோத்ர தாமின் நீளம் ஏறத்தாழ 128 மீட்டர். மாடத்திலிருந்து கிளம்பும் ஒலி பாடகர்களை எட்ட ஏறக்குறைய கால் வினாடி ஆகும். காதில் விழுவதற்கு ஏற்பப் பாடினால் பின்தங்கிவிடுவார்கள். பாடற்குழு இயக்குநரின் கையைப் பார்த்துத்தான் பாட வேண்டும். அதன் மேல், ஒலித்தது அடங்கவே பல வினாடிகள் ஆகும். வேகமாக ஓடினால் எல்லாம் குழம்பிவிடும். அந்தக் கல் மண்டபத்துக்குப் பொறுமை தெரிந்த இசைதான் சரிப்படும்.

இனிச் செய்திகளுக்கு வருகிறேன். முதலில் உங்களுக்குப் பிடிக்காதவை. நீங்கள் விரும்பிய துரூஃப்லே உங்கள் இடத்துக்கு வரவில்லை; லெயோன்ஸ் தெ சேன்-மார்த்தேனை நியமித்தார்கள். ஆனால் துரூஃப்லே 1947இல் இறந்தோருக்கான திருப்பலிக்கு ஓர் இசை தந்தார். முழுக்க முழுக்கக் கிரகோரியன் மெட்டுகளிலிருந்து முளைத்தது. அதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பீர்கள். இன்னொன்று, 1868இல் ஆர்கன் கட்டும் கலைஞர் கவாயே-கோல் அமைத்த அந்த ஆர்கனில் 1960களில் மின் இணைப்புகளைப் புகுத்தினார்கள், தொனி வகைகளைத் தரும் குழல் வரிசைகளான ஸ்டாப்களையும் கூட்டினார்கள். கவாயே-கோலின் கைவேலையை அப்படியே விட்டிருக்கலாம் என்று வருந்துகிறவர்கள் உண்டு. நானும் அவர்கள் பக்கம்தான். அந்த ஆர்கன் பழுதுற்றிருந்த காலத்தில், 1927இல் அமெரிக்கா வரை போய்க் கச்சேரி செய்து நிதி திரட்டியவர் நீங்கள். மகனையும் தம்பியையும் போர்க்காலத்தில் இழந்து, கண் சிகிச்சைக்காகச் சுவிட்சர்லாந்தில் ஆண்டுக்கணக்கில் துன்பப்பட்டுத் திரும்பிய பின் செய்த உழைப்பு அது.

2019 ஏப்ரல் 15ஆம் தேதி மாலை நோத்ர தாமின் கூரை தீப்பிடித்தது. கோபுர முனை எரிந்து சரிந்தது, கல் வளைவுகள் சில இடிந்து விழுந்தன. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே இருந்த உங்கள் ஆர்கனைத் தீ தொடவில்லை. ஆனால் கூரையின் ஈயம் தூசியாகி அதன் மேல் முழுக்கப் படிந்துவிட்டது. 2020இல் ஏறத்தாழ 8,000 குழல்களையும் கழற்றி, பிரான்சின் வெவ்வேறு பட்டறைகளுக்கு அனுப்பித் துப்புரவு செய்தார்கள். திருப்பிப் பொருத்திய பிறகு, குழல் குழலாகச் சுருதியும் தொனியும் சரிபார்த்தார்கள். பகலில் கட்டட வேலையின் இரைச்சல் என்பதால் அதை இரவுகளில் செய்தார்கள்.

பாடற்குழுவுக்கு அருகில் இருந்த சிறிய ஆர்கனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தீயை அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரில் அது பாழானது.

தீக்கும் கதவு மீண்டும் திறந்ததற்கும் இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகளில் பேராலயத்தைச் சுமந்தவர்கள் பாடகர்கள் என்பதே என் உறுதியான எண்ணம். மேத்ரீஸ் எனப்படும் அவர்களுடைய இசைப்பள்ளி கலைந்துபோகவில்லை. பேராலயத்தின் வழிபாடுகள் சேன்-ஜெர்மேன் லோக்ஸெருவா ஆலயத்துக்கு மாறின, அவர்களும் சென்றார்கள். 2020 கிறிஸ்துமஸுக்காக எரிந்த பேராலயத்துக்குள்ளேயே பாட அனுமதி கிடைத்தபோது, தலைக்கவசமும் பாதுகாப்பு உடையும் அணிந்து, ஒருவருக்கொருவர் விலகி நின்று பாடினார்கள். வாடகைக்குக் கொண்டுவந்த சிறு ஆர்கன் துணையாக ஒலித்தது. சாரக்கட்டுகளுக்கு நடுவே அந்தக் கவசத் தலைகளைப் படத்தில் பார்த்தபோது என்னால் கண்ணீரை அடக்க முடியவில்லை. உங்கள் ஆர்கன் அப்போது துண்டுதுண்டாகப் பெட்டிகளில் கிடந்தது.

2024 டிசம்பர் 7 அன்று கதவு திறந்தது. பேராயர் லோரான் உல்ரிக் பெரிய ஆர்கனை நோக்கி, விழித்தெழுமாறு எட்டு முறை அழைத்தார். ஒவ்வோர் அழைப்புக்கும் ஆர்கன் பதில் தந்தது. நான்கு கலைஞர்கள் மாறி மாறிக் கற்பனையாக வாசித்தார்கள். ஒலிவியே லாத்ரி, வேன்சான் துபுவா, தியெரி எஸ்கேஷ், இவர்களோடு திபோ ஃபஜோல். ஃபஜோல் நியமனம் பெற்றபோது அவருக்கு வயது 21. நீங்கள் தனியாகச் சுமந்த பொறுப்பை இவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். புதிய சிறிய ஆர்கனும் வந்துவிட்டது.

ஒரு மனக்குறை. 1963இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தந்த வழிபாட்டு ஏடு, குழல் ஆர்கனை இலத்தீன் திருச்சபை உயர்வாகப் போற்ற வேண்டும் என்றது. மக்கள் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்றதும் அதே ஏடுதான். பல இடங்களில் இரண்டாவதைச் சொல்லி முதலாவதைக் கைவிட்டார்கள். பாடற்குழுக்கள் கலைந்தன, ஆர்கன்கள் கச்சேரிக் கருவிகளாக மாறின. மக்கள் பாடுவதற்கு இந்த இசை எந்த வகையில் தடை என்று எனக்குப் புரியவே இல்லை. நல்ல பாடற்குழு பாடுகிற கோயிலில்தான் மக்களும் வாய்விட்டுப் பாடுகிறார்கள். இதை நான் எங்கள் பங்கிலேயே பார்க்கிறேன்.

உங்கள் கீரியேயை ஒலிப்பதிவில்தான் கேட்டிருக்கிறேன். அதை நோத்ர தாமின் பெருவிழாத் திருப்பலி ஒன்றில், வழிபாட்டில் அதற்குரிய நேரத்தில், மக்களோடு நின்று கேட்க வேண்டும் என்பது என் ஆசை. அன்று மாடத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன், சிறிய ஆர்கனில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்றுதான் தேடுவேன்.

வணக்கத்துடன்,
உங்கள் இசையின் நெடுநாள் அன்பன்