பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கம்பம், கூடலூர், போடி பக்கம் நடக்கும் மருத்துவ முகாம்களில் எழுதித் தரும் பிரஷர் அளவை அப்படியே நம்புவதற்கில்லை. கேரளாவின் வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை முடித்து, மலைப்பாதை வளைவுகளில் குலுங்கி வந்து, ஜீப்பை விட்டு இறங்கிய கையோடு வரிசையில் நிற்பவரின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினால் மேல் அளவு 150 கூடக் காட்டும்.

அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் டீ, காபி, பீடி கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, காலைக் குறுக்கே போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். பட்டை வெறும் கையில், நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். கை தொங்கினாலும், பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் அளவு கூடுதலாகவே வரும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்த்துச் சராசரி எடுப்பதே முறை. வேறு வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் பொதுவாக உயர் இரத்த அழுத்தம் என்பார்கள். வீட்டில் அளந்தால் வரம்பு 135/85.

"தலைசுற்றல்கூட இல்லை, எனக்கேது பிரஷர்?" என்பதுதான் ஆபத்தான பேச்சு. பக்கவாதமோ சிறுநீரகக் கோளாறோ வரும்வரை பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. நெஞ்சுவலி, வாய் குழறல், ஒரு பக்கம் கை கால் விழுதல் என்றால் அளந்துகொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இடுப்புவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும். பல பிரஷர் மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கும். கஞ்சிக்குக் கருவாடும் ஊறுகாயும் தொட்டுக்கொண்டால் நாளுக்கு 5 கிராம் என்ற உப்பு வரம்பு எங்கே நிற்கும்?

பிரஷர் மாத்திரைகளில் எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும், அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். அதற்காக மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள்; மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். எல்லைக்கு அந்தப் பக்கம் குமுளியில் ஒரு பெயரிலும் கம்பத்தில் வேறு பெயரிலும் கிடைப்பது ஒரே மருந்தாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கும். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தரும், 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் பகலில் வந்தால், விடியுமுன் மலை ஏறிய தோட்டத் தொழிலாளர்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள். எல்லையோர ஊர்களில் மட்டுமாவது மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ அந்த ஊழியர்களை அனுப்ப மாவட்டச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஓய்வுபெற்ற செவிலியர், கம்பம், தேனி மாவட்டம்